கிளினிக் கொப்பியும் ஒரு கிளாஸ் பலூடாவும்

எனக்குப் பெரிய வியாதி இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது, அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்டப் பக்கம் திரும்பி வரும் பஸ்ஸில்தான்.

அன்று நல்ல கூட்டம், அடுத்த பஸ்ஸுக்கு நிற்க நேரமும் இல்லை. ஒரு கையில் பை, மறு கையில் கம்பி என்று நின்றுகொண்டிருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்தாள். ஏழு மாத வயிறு. எங்கள் தோட்டத்து வசந்திதான். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற அந்தக் காம்பராவில், என் கையால் சோறு தின்று வளர்ந்தவள் அவள்.

"உக்காருங்க ஆயம்மா."

"அடி போடி. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு நீ நிக்கிறதா? உக்காரு பேசாம."

"எனக்கு என்னாங்க, பெத்துட்டா எந்திரிச்சு நடந்துருவேன். ஒங்க ஒடம்பு அப்பிடியா?"

என் உடம்புக்கு என்ன என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டார்கள். வசந்தி குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கிளினிக்ல என்னா சொன்னாங்க? இன்னைக்காவது நல்லதா ஏதும் சொன்னாங்களா?"

என் பையில் கிளினிக் கொப்பி இருந்தது. அதன் கீழே ஒரு ரோஜா சவர்க்காரம், ஒரு வாரப் பத்திரிகை. நாக்கில் பலூடாவின் இனிப்பு இன்னும் போகவில்லை. சுற்றிலும் பார்த்தேன். எல்லார் முகத்திலும் பரிதாபம் வழிந்தது.

"மாத்திரை மாத்தியிருக்காங்க" என்றேன்.

உண்மையை அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால், கர்ப்பிணி எழுந்து கொடுத்த சீட்டில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டோச் லைட்

எங்கள் தோட்டத்தில் சும்மா டவுனுக்குப் போனவர் என்று ஒருவரும் கிடையாது. வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகளான லயத்தை விட்டு இறங்கினால் ஒரு வேலை இருக்கவேண்டும். "எங்க பயணம்?" என்று பீலியில் தண்ணீர் பிடிப்பவர் கேட்பார். கோயிலடியில் நிற்பவர் கேட்பார். றப்பர் மலையில் பால்வாளியோடு நிற்கிறவர்கூட மேலேயிருந்து கத்திக் கேட்பார்.

"சும்மாதான்" என்று சொல்லிவிட முடியாது. சும்மா போகிறவருக்குக் காசு கூடிப்போயிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நடத்தை சரியில்லை. பெண்பிள்ளை, அதிலும் புருசன் இல்லாதவள் என்றால் இரண்டாவதுதான்.

என் வீட்டுக்காரர் இராமையாவுக்கும் இதே பாடுதான். தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை. றப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கிற இடம் அது. மனிதர் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் புகைநாற்றம் போகாது. சம்பளத்துக்கு அடுத்த நாள் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டோச் லைட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

"டோச்ச பழுது பாக்கணும். தெஹியோவிட்ட வரைக்கும் போயிட்டு வாறேன்."

திரும்பி வரும்போது முகம் மழுமழுவென்று இருக்கும். சலூனில் சாய்கிற நாற்காலியில் படுத்து, சவரம் செய்து, சூட்டுத் துணியால் முகம் துடைத்து, ஏதோ வாசனைத் தண்ணீர் தடவிக்கொண்டு வருவார். வீட்டில் சவரக்கத்தி இல்லாமலா இருந்தது? இன்னொருவர் கை நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் துடைக்கிற சுகம் அதில் ஏது.

எனக்கு அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருக்கும். "கை வைக்காத, கஞ்சிக் கை" என்று விலகிவிடுவார். அன்று முழுக்க மகாராஜா தோரணைதான்.

அந்த டோச் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. நான் அறிந்தவரை ஒருநாளும் பழுதானதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெட்கப்பட்டுச் சலூனுக்குப் போவதையே விட்டிருப்பார். அவர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடமாகிறது.

ஒன்பது மணிக்கே விட்டுவிட்டார்கள்

பிள்ளைக்காம்பரா வேலை முடிந்தபின் நான் தனி ஆள். மகன் கண்ணன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். ஞாயிறு காலையில் பேசுவான். "சாப்ட்டீங்களாம்மா, மருந்து குடிச்சீங்களாம்மா, சரிம்மா வைக்கிறேன்." மூன்றும் ஒரே மூச்சில் வரும். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனும் மருமகளும் இருக்கிற ஒற்றை அறையில் நானும் போய்ப் படுத்தால் யாராவது ஒருவர் வெளியில் படுக்கவேண்டும்.

இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளின் அழுகைக்கு நடுவில் இருந்தவள் நான். எப்போதடா இந்தச் சத்தம் ஓயும் என்று ஏங்கியிருக்கிறேன். ஓய்ந்தபோது தாங்க முடியவில்லை. காலையில் எழுந்தால் என் லயத்துக் காம்பராவில் என் தும்மல்தான் பெரிய சத்தம். சில நாட்கள் மத்தியானம் வரை வாயே திறந்திருக்க மாட்டேன். யாராவது கூப்பிட்டால் குரல் கரகரவென்று வரும்.

ஒருநாள் பீலியடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவிசாவளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். விடியற்காலையில் எழுந்து, ஒரு முழு நாளும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கவேண்டி வரும் என்று சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போனேன். என் அதிர்ஷ்டம், அன்று ஆட்கள் குறைவு. டாக்டர் அம்மா பிரஷர் பார்த்தார்.

"லொகு தெயக் நே, அம்மே" என்று சிரித்தார். பெரிதாக ஒன்றுமில்லையாம். உப்பைக் குறை, ஆறு மாதம் கழித்து வா என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வெளியே வந்தால் மணி ஒன்பது. லயத்தில் நான் பின்னேரம்தான் வருவேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு முழுப் பகல் என் கையில் இருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அறுபது வயதை நெருங்கும்போது முதல் தடவையாக அப்படி ஒரு பகல் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நானாவின் கூல் ஸ்பொட், குளிர்பானக் கடை உண்டு. வாசலில் தயங்கி நின்றேன்.

"ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்கம்மா. குளிரா என்னமாச்சும் குடிக்கிறதா?" என்றார் நானா.

கண்ணன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை அவனுக்கு அங்கே பலூடா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவன் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கென்று கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

உயரமான கிளாஸ். அடியில் ரோஸ் பாணி, நடுவில் பால், அதற்குள் ஊறிய கசகசாவும் ஜெலித் துண்டுகளும், மேலே ஓர் ஐஸ்கிரீம் உருண்டை. அதைவிட நீளமான கரண்டி. முதுகு சாய்கிற நாற்காலியில், தலைக்கு நேரே சுழலும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முக்கால் மணித்தியாலம் குடித்தேன். யாரும் எழும்பச் சொல்லவில்லை.

ஒரு பஸ்ஸை விடுவது

ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பப்பட்ட என்னை, நானே அடுத்த மாதம் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பிறகு மாதாமாதம் முதல் வியாழன். கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "கிளினிக்." அந்தக் கொப்பி கையில் இருந்தால் எங்கள் பக்கம் இரண்டாவது கேள்வி வராது.

என் சுகபோகங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலாவது, கூட்டமான பஸ்ஸை விட்டுவிடுவது. கண்டக்டர் "அம்மே, என்னே நெத்த?" என்று கத்துவார். வரவில்லை என்று கையை ஆட்டுவேன். வாழ்நாள் முழுக்க ஓடிப்போய்த் தொங்கியவளுக்கு, அப்படி ஒரு பஸ்ஸைப் போகச் சொல்வதில் என்ன சந்தோசம் தெரியுமா? அடுத்ததில் நிழல் விழுகிற பக்கம், ஜன்னலோரம் இடம் பிடிப்பேன்.

அப்புறம் சவர்க்காரம். வாசனைச் சவர்க்காரத்தை நூலால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சேலைகளுக்கு நடுவில் வைப்பேன், மறு பாதி குளிக்க. வாரப் பத்திரிகையை நானா கடை மேசையில் விரித்து வைத்து, கடைசிப் பக்கத்துச் சாத்திரம் வரை வாசிப்பேன். தனுசு ராசிக்கு என்ன போட்டிருந்தாலும் நம்புவேன்.

இதற்குக் காசு எங்கே என்றால், ஆட்டோவில் ஏறாமல் ரோட்டு வரை நடந்தே இறங்குவேன். வெறுந்தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதை நிறுத்தினேன். மீன் வாங்குவதைக் குறைத்தேன். சாமான் விலையெல்லாம் ஏறிய பிறகு இரவுச் சோற்றையும் சில நாட்கள் விட்டுவிட்டு, இரண்டு பிஸ்கட்டோடு படுத்திருக்கிறேன்.

போன தீபாவளிக்குக் கண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தான். பலகாரம் சுட்டு வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் லீவு கிடைக்கவில்லை என்று மத்தியானம் போன் வந்தது. "பரவாயில்லப்பா" என்றேன். அழுகை வந்தது, வைத்துவிட்டேன். அந்த மாதம் இரண்டு தடவை நானா கடைக்குப் போனேன். அடுத்த மாதமும் இரண்டு தடவை.

லயம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மாதம் ஒருமுறை கிளினிக் போனால் பிரஷர். இரண்டு முறை கூப்பிட்டால் அது வேறு என்னமோ. ஆள் வேறு இளைத்துவிட்டாள். கிளினிக் போய் வந்த மறுநாளெல்லாம் இருமுகிறாள். இருமல் ஐஸ்கிரீமால் வந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஒரு வியாதியை எனக்கு முடிவு செய்துவிட்டார்கள். அது என் காதுக்கு வந்த நாள்தான் அந்த பஸ் பயணம்.

புஷ்பத்தின் சோறு

மறுநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. பக்கத்துக் காம்பரா புஷ்பம். இரண்டு பெண்பிள்ளைகளையும் றக்வானைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள். இன்னும் றப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அப்படியிருந்தும் வருடக்கணக்காக எங்கள் பேச்சு "மழை வருமா", "தண்ணி வருதா" என்பதற்கு மேல் போனதில்லை.

கையில் மூடிய தட்டு. சோறு, முருங்கைக்கீரை, கொஞ்சம் ரசம்.

"உப்புக் கம்மியாத்தான் போட்டிருக்கேன். சாப்புடுங்க அக்கா."

"எதுக்கு புஷ்பம் ஒனக்கு இந்த வேல..."

"பேசாம சாப்புடுங்க. எப்பிடியும் எனக்கு ஆக்குறதுதானே."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மத்தியானம் நிறுவையில் பாலைக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, ஆக்கி எடுத்துக்கொண்டு வருவாள். கதையும் வரத் தொடங்கியது. றப்பர் மரங்களில் பால் குறைந்த கதை, மூத்த மருமகனின் குடிக் கதை, அவள் சின்ன வயதில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய கதை. இவ்வளவு பேசத் தெரிந்தவள் என்று எனக்குத் தெரியாது.

சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைப்பேன். பன்னிரண்டு மணியானால் காது தானாகக் கதவுப் பக்கம் போகும். அவள் காலடிச் சத்தம் கேட்டதும், நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றிவிடும்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் மறைக்காமல் சொல்கிறேன். தினமும் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேன். "போதும் புஷ்பம், எறங்க மாட்டேங்குது" என்பேன். நோயாளி முழுத் தட்டையும் வழித்துச் சாப்பிட்டால் நன்றாக இருக்குமா? அவள் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போவாள். பின்னேரம் எனக்குப் பசிக்கும்.

வெறும் வாய்

வசந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு வைத்திருந்தார்கள். புஷ்பத்துக்கு வெற்றிலை என்றால் உயிர் ஆயிற்றே என்று நல்ல கொழுந்தாக நாலு வெற்றிலை பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது யாருக்குங்க?" என்றாள் வசந்தி.

"புஷ்பத்துக்கு."

"அவங்கதான் வெத்தல போடுறது இல்லையே. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது.

"ஒங்களுக்காகத்தாங்க. அன்னைக்கு பஸ்ஸில வந்தோமே, அதுக்கு மறுநா வெள்ளிக்கெழம கோயில்ல வேண்டிக்கிட்டாங்க. அக்காவுக்கு நல்லாகுற வரைக்கும் வாயில வெத்தல வைக்க மாட்டேன்னு."

மடியில் வைத்த வெற்றிலையை எடுத்துத் தட்டிலேயே திரும்பப் போட்டேன்.

புஷ்பத்துக்கு இந்த உலகத்தில் வேறு என்ன இருந்தது? நகை கிடையாது. நல்ல சேலை இரண்டு. ஆனால் வெற்றிலை போடும் நேரம் அவள் வேறு ஆள். றப்பர் பால் நாற்றம் போக, சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலால் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவுவாள். படியில் கால்நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையை இரண்டு பக்கமும் முந்தானையால் துடைத்து, நரம்பைக் கிள்ளி, பாக்கை மெல்லிசாகச் சீவி, ஒரு துண்டு ஏலக்காயும் வைத்து மடிப்பாள். முதல் சாறு இறங்கும்வரை துரை வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். எப்போதும் சிவந்திருந்த அந்த வாய் இரண்டு மாதமாக வெளுத்துப்போய் என் முன்னால் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

அந்த இரண்டு மாதத்தில் நான் நாலு தடவை நானா கடைக்குப் போயிருந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணுமில்ல"

அன்றைக்கே, சோற்றுத் தட்டோடு அவள் படியேறும்போதே சொன்னேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"புஷ்பம், எனக்கு ஒண்ணுமில்ல."

"என்னாக்கா?"

"எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தாள்.

"ஆத்தா! மாரியாத்தா! கண்ணத் தொறந்துட்டியா!"

"இல்ல புஷ்பம், நான் சொல்றதக் கேளு..."

எங்கே கேட்டாள்? என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வாசலில் இறங்கி லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "அக்காவுக்குச் சொகமாயிருச்சு! ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்களாம்!" காம்பராவுக்குக் காம்பரா கதவு திறந்தது. பீலியடியிலிருந்து ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

நான் குனிந்து காட்டினேன். பொய் சொல்லாமலே தப்பித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு கள்ள நிம்மதி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலில் புஷ்பம் பொங்கல் வைத்தாள். பூசாரி கையால் வெற்றிலை வாங்கி வாயில் வைத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்படவில்லை.

அதில் அவள் தப்பு என்ன? சுகமான ஆளுக்கு எதற்குச் சோறு கொண்டுவரவேண்டும்? ஞாயிறும் வரவில்லை. திங்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கண்டாள். "மழை வரும் போல இருக்குல்லக்கா" என்றாள். "வரும்" என்றேன். பழையபடி ஆகிவிட்டோம்.

முதல் வியாழன் வந்தது. கிளினிக் என்று இனிச் சொல்ல முடியாது. வீட்டிலேயே இருந்தேன். அரைச் சவர்க்காரத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பலூடாவுக்கு நான் ஏங்கவில்லை. பன்னிரண்டு மணி ஆனதும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தாளிக்கும் சத்தம் கேட்டது. கடுகு வெடித்து அடங்கியதும் எழுந்து போனேன்.

அவள் வாசலில்

புஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வெற்றிலைப் பையோடு படிக்கு வந்தாள். என்னைக் கண்டதும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஒன்பது மணிக்கு விட்டது, நானா கடை, ஃபேன், போகவிட்ட பஸ்கள், நூலால் அறுத்த சவர்க்காரம், இருமல் வந்த காரணம். வேண்டுதல் தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் பொங்கல் தின்றதையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஒரே வெற்றிலையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பலூடான்னா, அந்த ரோஸ் கலர்ல கிளாஸ்ல குடுப்பாங்களே, அதா?"

"அதுதான்."

"நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கும் புஷ்பம்."

தெருவில் இரண்டு பேர் பால்வாளிகளைக் கவிழ்த்துப் பிடித்தபடி கடந்து போனார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"வெத்தலைய விட்டது கெடக்கட்டும்க்கா. அது எனக்கும் சாமிக்கும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வியாதி இல்லைன்னா ஒங்களுக்கு நல்லாப் பசிச்சிருக்கும். அப்புறம் எதுக்கு தெனம் பாதிச் சோத்த வச்சீங்க? ஆயிரந்தடவ பாத்துப் பாத்து ஆக்குவேன். எறங்கலைன்னு சொல்லுவீங்க. அத எடுத்துட்டுப் போய் கோழிக்குக் கொட்டிட்டு, இந்த மனுசி போயிரப் போகுதுன்னு அடுப்படியில ஒக்காந்து அழுவேன். எதுக்குக்கா வச்சீங்க?"

நடிப்புக்காக என்றுதான் அந்த நிமிடம் வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வரவில்லை.

"முழுசா சாப்ட்டுட்டா, நாளைக்கு நீ வரமாட்டியேன்னுதான் புஷ்பம்."